பாலத்துகிட்ட இருக்கேன்

அந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. லாரி நம்பர்தான் பெயர். மூன்றாம் நம்பர் லாரியை ஓட்டுகிறவர் மூணு. ஏழாம் நம்பரை ஓட்டுகிறவர் ஏழு. ஏழு தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டியபோது, அதில் அச்சாகியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கல்யாணம்ணே?" என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில், ஓட்டுவதற்கு லாரியே இல்லாத ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் என்ன பெயர் வைப்பார்கள்? ரொம்ப யோசிக்கவில்லை. சேர்ந்த அன்றைக்குச் சாயங்கால டீ வருவதற்குள் வைத்துவிட்டார்கள்: சைபர்.

சைபருக்கு அது வலித்தது. வலிக்காமல் இருக்குமா? அவன் வம்சத்திலேயே முதல் பட்டதாரி அவன். அவன் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். என்ன, போட்டு முடிப்பதற்குள் எதிரில் இருக்கிறவர் சாப்பாட்டுக்கே கிளம்பிப் போய்விடுவார். அந்த வீட்டிலிருந்து வந்து, கம்ப்யூட்டர் படித்து, பட்டம் வாங்கி, வாங்கிய வேகத்தில் அதைப் பளபளவென்று லேமினேஷன் செய்து வைத்திருந்தான். "சர்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணக் கூடாதுன்னு தெரியாதா? இதுல எங்க சீல் வைக்கிறது?" என்று மூன்று கம்பெனிகளில் கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவது கம்பெனி இது. இங்கே மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான். இங்க சிமென்ட் தூசி ஜாஸ்தி" என்று சேர்த்துக்கொண்டார்.

வேலை என்னவென்றால், பார்த்துக்கொண்டிருப்பது. பதினோரு லாரிகளிலும் சோப்புப் பெட்டி அளவில் வண்டிக்கொரு ஜி.பி.எஸ். கருவியை டாஷ்போர்டுக்கு அடியில் பொருத்தியிருந்தார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்பதை அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சைபரின் மேஜைத் திரையில் ஊரின் வரைபடம் விரிந்து கிடக்க, அதன்மேல் பதினோரு புள்ளிகள் ஊர்ந்தன. வண்டி ஓடினால் பச்சை. வண்டி நின்று, இன்ஜின் மட்டும் ஓடினால் மஞ்சள். இன்ஜினும் நின்றால் சிவப்பு. அவ்வளவுதான். இதைப் பார்க்க மூன்று வருடப் படிப்பு வேண்டுமா என்று யாராவது கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். வேண்டாம் என்பது அவனுக்கே தெரியும் என்பதால்.

ஊரில் அவன் அம்மா இதை வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தாள். மகன் வானத்திலிருந்து வண்டிகளையெல்லாம் ஆள்கிறான் என்று. ஒரு நாள் போன் வந்தது.

"ஏன்டா, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவோட எருமை ரெண்டு நாளா காணோம். உன் மெஷின்ல கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"அம்மா, எருமைக்கெல்லாம் மெஷின் மாட்டலம்மா."

"அதக்கூட மாட்டாம அப்புறம் என்னத்தடா படிச்ச?"

எருமை மறுநாள் தானாக வந்துவிட்டது. சித்தப்பா அதையும் சைபர்தான் அனுப்பி வைத்தான் என்று நம்பினார். சைபர் மறுக்கவில்லை. கிடைக்கிற புகழை விடுவானேன்?

கலவையில் தண்ணீர் விழுந்த நிமிடம் முதல் கான்கிரீட்டுக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். வெயில் நாளில் இன்னும் குறைவு. அதற்குள் லாரி போய்ச் சேர்ந்து கொட்டியாக வேண்டும். ஆகவே, இப்போது லாரி எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்க் கேள்வி. சைபர் வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டு வந்தவர், லாரிகளை அனுப்பிவைக்கும் டெஸ்பாட்ச் அக்கா. மூன்று போன், ஒரு நீள நோட்டு, காதில் செருகிய பென்சில் — இதுதான் அவருடைய கண்ட்ரோல் ரூம்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துகிட்ட இருக்கேன்க்கா."

எந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதில். பதினோரு பேரும் பாலத்துகிட்டவேதான் குடியிருந்தார்கள். அத்தனை கான்கிரீட் லாரி அங்கே நிற்பது உண்மையாக இருந்திருந்தால் அந்தப் பாலம் எப்போதோ ஆற்றில் உட்கார்ந்திருக்கும். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. இதற்கென்று மனதுக்குள் ஓர் அகராதி வைத்திருந்தார். 'பாலத்துகிட்ட இருக்கேன்' என்றால் ஆள் டீக்கடையில் இருக்கிறார். 'பாலம் ஏறிட்டேன்' என்றால் இனிமேல்தான் கிளம்பப் போகிறார். 'பாலம் தாண்டிட்டேன், சிக்னல் சரியில்ல' என்றால் காலி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார். ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு லாரியை எவ்வளவு தூரம்தான் ஓட்ட முடியும்? மாதத்துக்கு ஏழு லோடு இறுகிப்போய் வீணாகக் கொட்டப்பட்டது.

அதனால்தான் கருவி வந்தது. கருவியோடு சைபரும் வந்தான். மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் பாப்போம்பா. வீணாப் போற லோடு குறைஞ்சா மெஷினும் இருக்கட்டும், நீயும் இரு. குறையலேன்னா மெஷினைக் கழட்டித் திருப்பிக் குடுத்துடலாம்."

உன்னையும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. மனிதர் மரியாதை தெரிந்தவர்.

சும்மா சொல்லக்கூடாது, கருவி வேலை செய்தது. ஒரு காண்டிராக்டர் இருந்தார். 'உங்க லாரி எப்பவும் லேட்டு, கலவை கெட்டிப்பட்டுத்தான் வருது' என்று மாதம் இரண்டு லோடைத் திருப்பி அனுப்புவது அவருடைய வாடிக்கை. பழி எப்போதும் டிரைவர் தலையில். சைபர் ஒரு தாளை அச்சடித்து அனுப்பினான். லாரி அவருடைய வாசலுக்கு வந்த நேரம் பத்து இருபது. அவர் கேட்டைத் திறந்துவிட்ட நேரம் பதினொன்று பத்து. அதற்குப் பிறகு அந்த மனிதர் லாரியின் ஹாரன் கேட்கும் முன்பே கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவர் போல நின்றார். தளம் போடும் இடங்களுக்கு 'அடுத்த வண்டி பன்னிரண்டு நிமிஷத்துல வரும்' என்று அக்கா திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அது பன்னிரண்டு நிமிடத்தில் வந்தும் தொலைத்தது. முதல் மாதம் வீணான லோடு ஐந்து. இரண்டாம் மாதம் இரண்டு.

"பரவால்லையே, டிவி பாக்குற வேலைன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

இத்தோடு சும்மா இருந்திருந்தால் போதும். மூன்றாம் மாதமும் திரையைப் பார்த்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாற்காலி அவனுடையது. ஆனால் சும்மா இருப்பதற்கா பட்டம் வாங்கினான்?

அவன் தினமும் ரிப்போர்ட் தயாரித்தான். பதினான்கு பக்கம். வட்ட வரைபடம், தூண் வரைபடம், கலர் கலராக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவன் தன் சுரைக்காய்க்குப் பெயின்ட் வேறு அடித்திருந்தான். மேனேஜர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். பதினான்கு கையெழுத்து. சைபருக்குப் புல்லரிக்கும்.

கருவியோடு ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. ஜி.பி.எஸ். வைத்தால் என்னென்ன நன்மை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, 'இன்ஜினை ஓடவிட்டபடி வண்டி சும்மா நிற்பதைக் கட்டுப்படுத்துங்கள், டீசல் மிச்சமாகும்.' சைபர் திரையைப் பார்த்தான். எங்கு பார்த்தாலும் மஞ்சள். லாரிகள் கட்டடங்களின் வாசலில் மணிக்கணக்காக மஞ்சளாக நின்றன. அடேயப்பா, எவ்வளவு டீசல்! பன்னிரண்டு வருடமாக ஒருவர் கண்ணிலும் படாதது தன் கண்ணில் பட்டிருக்கிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஒருவர் கண்ணிலும் படாததற்குக் காரணம் இருக்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அந்தப் புத்தகம் பார்சல் வேன்களுக்காக எழுதப்பட்டது என்பதும் தோன்றவில்லை.

கருவிக்குள் ஒரு பஸ்ஸர் இருந்தது. வண்டி நின்றபடி ஐந்து நிமிடத்துக்கு மேல் இன்ஜின் ஓடினால், நிறுத்துகிறவரை 'கீங் கீங்' என்று கத்தும்படி அதைச் செட் செய்யலாம். மூன்றாம் மாதக் கடைசி வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குச் சைபர் அதைச் செட் செய்தான். பதினோரு லாரிக்கும். மேனேஜரிடம் கேட்கவில்லை, மாதக் கடைசி ரிப்போர்ட்டில் டீசல் மிச்சத்தைக் காட்டி அசத்தலாம் என்று இருந்தான். அக்காவிடமும் சொல்லவில்லை. ஆனால் முறைப்படி ஓர் அறிவிப்பு எழுதி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினான்: 'இயந்திரத்தின் பயனற்ற இயக்கக் காலத்தைத் தவிர்த்து எரிபொருள் சிக்கனம் பேணுக.' அக்கா முதல் வரியைப் படித்துவிட்டு, குழாயை நன்றாக மூடச் சொல்கிறான் போலிருக்கிறது என்று குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனார்.

காலை முழுவதும் டிரைவர்கள், வண்டி கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். மதியம் பன்னிரண்டு பத்துக்கு ஏழாம் நம்பர் புள்ளி மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறியது.

ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மூன்றாம் மாடித் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு அங்கே வாசலில் நின்றிருந்தார். கலவையை மாடிக்கு ஏற்றும் பம்ப்பில் அடைப்பு; எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்! சைபர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் வெற்றி. அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். சிவப்பு அசையவில்லை. என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு! இந்த மாதச் சிறந்த டிரைவர் என்று ஏழு பெயரைச் சிபாரிசு செய்யலாமா என்றுகூட யோசித்து, அதற்கு ஒரு பக்கம் டைப் அடிக்கத் தொடங்கியிருந்தான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அக்கா சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். சாப்பிடும் அரை மணி நேரம் மட்டும் மூன்று போனையும் எடைமேடை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் அவர் உட்காருவார். பன்னிரண்டு வருடச் சட்டம் அது. வந்தவர் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏழு ஏன் செவப்பா இருக்கு?"

"இன்ஜினை ஆஃப் பண்ணியிருக்காருக்கா" என்றான் சைபர், குரலில் பெருமை வழிய. "அரை மணி நேரமா."

"லோடு எறக்கிட்டாரா?"

"இல்லக்கா. வெயிட்டிங்."

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

"எதுக்குள்ளக்கா?"

"டிரம்முக்குள்ளடா!"

டப்பா தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் சைபரின் மூளைக்குள் ஏதோ ஒன்று டிக்கென்று பொருந்தியது. லாரியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய டிரம்மைச் சுற்றவைப்பதே லாரியின் இன்ஜின்தான். நின்ற இடத்திலும் அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிறவரை கான்கிரீட், நின்றால் பாறை. இரண்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் ஜன்னல் வழியாக அந்த டிரம்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் டீ குடித்திருக்கிறான். யார் சுற்றுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்கா ஓடிப்போய் போன்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றில் ஏழிடமிருந்து நான்கு மிஸ்டு கால். அவர் அக்காவுக்கு மட்டும்தான் அடித்திருந்தார். சைபரின் நம்பர் அவரிடம் இல்லை. அவரிடம் என்ன, பதினோரு டிரைவர்களில் ஒருவரிடமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. ஆபிசர் அல்லவா.

"அக்கா" என்றது ஏழின் குரல், அழுகிற மாதிரி. "வண்டிக்குள்ள என்னமோ கீங் கீங்னு கத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து, உள்ள பேஷன்ட் தூங்குறாங்க, அந்தச் சத்தத்த நிறுத்துங்கன்னு திட்டுறாங்க. ரெண்டே ரெண்டு நிமிஷம்னு ஆஃப் பண்ணேன். இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேட்டரி செத்துப் போச்சு."

"ஜம்பர் ஒயர் மூணுகிட்டதான் இருக்கு. இருங்க." அக்கா அடுத்த போனை எடுத்தார். "மூணு, எங்க இருக்கீங்க?"

"பாலத்துகிட்ட இருக்கேன்க்கா. செம டிராபிக். ஒரு மணி நேரம் ஆகும்போல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தன் அகராதிப்படி மூணு டீக்கடையில் இருக்கிறார்; ஆனால் எந்தத் தெரு, எந்தக் கடை? சைபர் திரையைப் பெரிதாக்கினான். அவசரத்தில் முதலில் பக்கத்து ஊரே வந்தது. பிறகு மூன்றாம் நம்பர் புள்ளி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், இரண்டே தெரு தள்ளி, மஞ்சளாக. அவன் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அண்ணே, நான்..." என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது? கண்ட்ரோல் ரூம் ஆபிசர் என்றா? "நான் சைபர் பேசுறேன்ண்ணே. நீங்க பாலத்துகிட்ட இல்ல. ஆஸ்பத்திரிக்குப் பின்னால, டயர் கடைக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. பதினெட்டு நிமிஷமா."

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தமும், தூரத்தில் லாரி கீங் கீங்கென்று கத்துவதும் கேட்டன.

"டீ இன்னும் வரலப்பா" என்றார் மூணு, ஈனசுரத்தில்.

"ஏழு அண்ணன் உங்களுக்கு ரெண்டு தெரு முன்னால இருக்காரு. டிரம் நின்னு அரை மணி நேரம் ஆச்சு."

குரல் மாறிவிட்டது. "அய்யோ, இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?" நாற்காலி விழுகிற ஓசை.

அக்கா போனைப் பிடுங்கினார். "மூணு! அந்தக் கடையில இருக்கிற சக்கரைய எல்லாம் தூக்கிக்கிட்டு ஓடுங்க!"

"எத்தன கிலோக்கா?"

"மூட்டையோட!"

சர்க்கரை விழுந்தால் சிமென்ட் சட்டென்று இறுகாது. லோடு போனது போனதுதான். ஆனால் டிரம் பிழைக்கும். இது சைபர் படித்த மூன்று வருடத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று சாயங்காலம்வரை அந்தத் தெருவில் எல்லோரும் சர்க்கரை இல்லாத டீ குடித்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இதற்கிடையில் அங்கே பம்ப் சரியாகிவிட்டது, கலவை இல்லை. தளத்தை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாமல் விரிசல் விழும். சைபர் தேடினான். அதே கலவையோடு ஒன்பதாம் நம்பர் வேறொரு மதில் சுவர் அஸ்திவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அஸ்திவாரம் நாளைக்குப் போட்டாலும் ஓடிவிடாது. அக்கா ஒன்பதைத் திருப்பிவிட்டு, ஆஸ்பத்திரி இன்ஜினியரிடம் "பதினாறு நிமிஷத்துல வண்டி வரும்" என்றார்.

"பாலத்துகிட்ட இருக்குதாக்கும்?" என்றார் அவர், அனுபவப்பட்டவர்.

"இல்ல சார். கண்ணால பாத்துச் சொல்றேன்."

பதினேழாவது நிமிடம் ஒன்பது போய் நின்றது. அதற்கு முன்பே மூணு இரண்டு தெரு தாண்டி வந்து, தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு, ஏழாம் நம்பர் இன்ஜின் இருமி, உறுமி, உயிர்பிடித்தது. டிரம் முனகிக்கொண்டு ஒரு சுற்று சுற்றியது. சர்க்கரையும் தண்ணீரும் உள்ளே போயின. திரையில் சிவப்பு மஞ்சளானது. தான் ஒழிக்கக் கிளம்பிய அந்த மஞ்சளைப் பார்த்து, சைபர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கலருக்காகக் கண் கலங்கினான்.

கையோடு பதினோரு பஸ்ஸரையும் அணைத்தான்.

லோடைக் கம்பெனிக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனாலும் டிரம்முக்குள் ஒரு சாண் கனத்துக்குப் பிடித்துக்கொண்டது. ஆள் இறங்கிக் கொத்தி எடுக்க இரண்டு நாள். மேனேஜர் அன்று சாயங்காலமே சைபரைக் கூப்பிட்டார்.

"லோடு போச்சு. வண்டி ரெண்டு நாள் நிக்குது. பத்து வருஷமா ஓட்டுற டிரைவர், உள்ள கலவைய வச்சுக்கிட்டு இன்ஜினை ஆஃப் பண்ணுவாரா? நாளையிலேர்ந்து அவர் வர வேண்டாம். நீ ரிப்போர்ட் குடு. எப்ப நின்னுச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, எல்லாம். மெஷின் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லாது சார்."

"அந்த ஒன்பதாம் நம்பரைத் திருப்பினியாமே. அது நல்ல வேலை. மூணு மாசம் முடியுது, உன் விஷயத்தையும் நாளைக்கே பேசிடலாம்."

சைபர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். 'பன்னிரண்டு பத்து: இன்ஜின் நிறுத்தம்.' ஒரே வரி. அதை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் போதும். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நாற்காலி நிலைக்கும், சித்தப்பாவின் எருமைகள் பத்திரமாக இருக்கும்.

ஆனால் அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் இன்னொரு வரி இருந்தது. 'ஒன்பது ஐந்து: எச்சரிக்கை ஒலி, எல்லா வாகனங்களுக்கும் இயக்கப்பட்டது.' இயக்கியவர் பெயர் பக்கத்திலேயே. அவன் தன் லாகின் பெயருக்குப் பின்னால் வாங்கிய பட்டத்தையும் ஒட்டிவைத்திருந்தான். அது அங்கே பட்டத்தோடு, கம்பீரமாக, கையும் களவுமாக நின்றது. பேட்டரி ஏன் செத்தது என்று தேடப் போனதில் இன்னொன்றும் கிடைத்தது. 'ஏழாம் நம்பர், பேட்டரி பலவீனம்' என்று கருவி நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவனுடைய சொந்த ரிப்போர்ட்டில், பதினோராம் பக்கத்தில், ஊதாக் கலரில். எழுதியது அவன். படிக்கவேண்டும் என்று அவனுக்கே தோன்றவில்லை.

கதவருகில் யாரோ செருமினார்கள். ஏழு. தலையிலிருந்து கால்வரை சிமென்ட் தூசி. கொத்துகிறவர்களோடு சேர்ந்து அவரும் இறங்கியிருந்தார். உள்ளே வந்தால் தரை அழுக்காகும் என்று வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நான் அக்காவுக்கு நாலு தடவ போன் பண்ணேன்ல, அது அந்த மெஷின்ல பதிவாயிருக்குமா? மேனேஜர்கிட்ட காட்டலாம்னு."

"இல்லண்ணே. அது போனைப் பாக்காது."

"ஓ. வண்டிய மட்டும்தான் பாக்குமா." முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கீங் கீங் சத்தம் என்னமோ ரிப்பேர்னு நெனச்சுட்டேன் தம்பி. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா காதுல பஞ்ச வச்சுக்கிட்டாவது உக்காந்திருப்பேன்."

சைபர் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தான். எரிபொருள் சிக்கனம் பேணுக. பேணியாயிற்று.

"அண்ணே, நீங்க நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றான்.

மறுநாள் மேனேஜர் மேஜையில் மூன்று தாள்கள் வைத்தான். பன்னிரண்டு பத்து வரி. ஒன்பது ஐந்து வரி. பதினோராம் பக்கம். மேனேஜர் முதலாவதைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவதைப் படித்து நிமிர்ந்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டுப் பண்ண?"

"யாரையும் கேக்கல சார். டிரம்ம இன்ஜின்தான் சுத்துதுன்னு எனக்குத் தெரியாது சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்துகொண்டே வந்தது. திரையில் வருகிற அதே சிவப்பு. "மூணு மாசமா கான்கிரீட் கம்பெனியில இருக்க! படிச்ச பையன்னு நம்பி... நீ..." மூன்றாவது தாளைத் தூக்கினார். "இது என்ன, பேட்டரியா? நாலு நாளாவா? இதையாவது ஒருத்தன் பாத்திருந்தா..."

நிறுத்திவிட்டார். தாளின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தது. அவருடைய கையெழுத்து.

தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"பதினாலு பக்கம் எவன்யா படிப்பான்?" என்றார் கடைசியில், யாரையோ குற்றம் சொல்வது போல.

"நானே படிக்கல சார்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். இந்த மாதம் எத்தனை லோடு வீண் என்று கேட்டார். "இதோட சேத்து ரெண்டு சார். மெஷின் இல்லேன்னா நேத்து டிரம்மும் போயிருக்கும், தளமும் போயிருக்கும்" என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்து, "இவன் இல்லேன்னா ஒண்ணும் போயிருக்காது" என்று நியாயத்தையும் சேர்த்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. மெஷின் இருக்கும். ஏழு இருப்பார். ரிப்போர்ட் இனிமேல் ஒரே பக்கம், ஒரே கலர். சைபர் இருப்பான், ஆனால் திரைக்கு முன்னால் இல்லை. பதினோரு லாரியிலும் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில், லாரிக்கு ஒரு நாள் வீதம் உட்கார்ந்து போய்வந்த பிறகுதான் அந்த நாற்காலி. அதுவரை திரையை அக்கா பார்த்துக்கொள்வார்.

"எது எதைச் சுத்துதுன்னு நேர்ல பாத்துட்டு வா" என்றார் மேனேஜர்.

முதல் நாள் ஏழாம் நம்பர். புது பேட்டரி. சைபர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறினான். கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் சட்டை சிமென்ட் கலருக்கு வந்துவிட்டது. டிரம் சுற்றுவது சீட்டு வழியாக முதுகுத்தண்டில் தெரிந்தது. போகிற வழியெல்லாம் ஏழு ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார். லோடு இறக்கி, டிரம்மைக் கழுவித் திரும்பும்போது மட்டும், "தம்பி, உங்க நம்பரக் குடுங்க" என்று வாங்கிப் பதிந்துகொண்டார். என்ன பெயரில் பதிகிறார் என்று சைபர் ஓரக்கண்ணால் பார்த்தான். சைபர் என்றுதான் இருந்தது. பட்டியலில், அக்கா பெயருக்கு அடுத்தபடியாக.

டயர் கடைக்குப் பக்கத்தில் லாரி தானாக நின்றது. குதிரைக்குத் தெரிந்த லாயம் போல. மூணு ஏற்கெனவே அங்கே இருந்தார். கடைக்காரர் இவர்களைக் கண்டதும் சர்க்கரை டப்பாவை உள்ளே எடுத்து வைத்தார். ஏழு கை கழுவப் போனார். அவருடைய போன் சீட்டில் கிடந்து அடித்தது. சைபர் எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?" என்றார் டெஸ்பாட்ச் அக்கா.

சைபரின் ஒரு கையில் டீ. சூடு. இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சத்தியமாக அவன் யோசித்துச் சொல்லவில்லை. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் வாய் தானாகவே சொல்லும் போலிருக்கிறது.

"பாலத்துகிட்ட இருக்கேன்க்கா."

மூணு திரும்பிப் பார்த்து, குடித்த டீயைத் துப்பிவிட்டார்.

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது, படத்தைப் பெரிதாக்குகிறார்.

"ஆறு நிமிஷமா மஞ்சளா இருக்கு தம்பி" என்றார். "அந்தப் பாலத்துல எனக்கும் ஒரு டீ பார்சல் வாங்கிக்கிட்டு வா. சக்கரை கம்மியா."